வி. பி. என். என்னும் மறைவழி

மாந்தர் ஒருவர்க்கொருவர் செய்தி விடுக்கத் தொடங்கிய நாள்முதல் இரண்டு கவலைகள் அவரை விட்டு நீங்கியதில்லை. செய்தி போய்ச் சேருமோ என்பது ஒன்று. இடையிலுள்ளார் அதனைப் படித்துவிடுவரோ என்பது மற்றொன்று. கம்பியில்லா இணைப்பு முதற் கவலையைப் பெரிதும் போக்கிற்று; இரண்டாவதையோ பெருக்கிற்று. கல்லூரி வளாகத்து வைஃபையிற் கைப்பேசியை வழங்கும் மாணாக்கர் பலர், இவ்விரண்டாங் கவலைக்கு மருந்தாக வி. பி. என். என்னும் சாதனத்தை நாடுகின்றனர். அது யாது, எங்ஙனம் தொழிற்படுகின்றது, எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கம்பியில்லாக் கணினி வலைக்கும் கல்லூரிகட்கும் உள்ள உறவு பழமையானது. 1971-ஆம் ஆண்டில் ஹவாய் சர்வகலாசாலையார், பேராசிரியர் நார்மன் அபிராம்சன் தலைமையில், தீவு தீவாகப் பிரிந்து கிடந்த தம் கல்விச்சாலைகளை வானொலி அலைகளால் இணைக்கும் அலோஹாநெட் என்னும் வலையை இயக்கினர். இன்று நாம் வழங்கும் வைஃபையின் விதிகள் 1997-இல் முதன்முதல் வகுக்கப்பெற்றன. கம்பி வழியே செல்லும் செய்தி கம்பியளவில் நிற்கும்; அலைவழிச் செய்தியோ எட்டுந் தூரத்திலுள்ள எல்லாக் கருவிகட்கும் எட்டும். விடுதி முற்றத்தில் ஒருவன் உரக்கப் பேசுவது அயலறையார் செவியிலும் விழுவது போலாம் இது.

இவ்வியல்பினால் விளையத்தக்க தீங்கு 2010-இல் யாவர்க்கும் வெளிப்படையாயிற்று. எரிக் பட்லர் என்பார் ஃபயர்ஷீப் என்னும் சிறு மென்பொருளை வெளியிட்டார். காப்பில்லாப் பொது வைஃபையில் அமர்ந்திருக்கும் எவரும், அருகிலிருப்பார் ஒருவரது கணக்கில் அவரே போல நுழையக்கூடும் என்பதனை அது மெய்ப்பித்துக் காட்டியது. பின்னர்ப் பெரிய தளங்கள் யாவும், செய்தியைப் பிறர் படிக்கவொண்ணாத மறைமொழியாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு மாறலாயின. ஆதலின் இன்று அயலிலிருப்பான் நம் வங்கிக் கடவுச்சொல்லை எளிதிற் படித்துவிட முடியாது. ஆயினும், நாம் எந்தெந்தத் தளத்தை நாடினோம் என்பது வலையைக் காப்பார்க்குப் பெரும்பாலும் புலனாகும். கடிதம் ஒட்டப்பட்டுள்ளது, மேலுறையின் விலாசமோ கண்ணுக்குத் தெரிகின்றது.

அவ்விலாசத்தையும் மறைப்பதே வி. பி. என்.-இன் தொழில். வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க் என்பதன் சுருக்கம் இது. கைப்பேசியிலுள்ள செயலியும் தொலைவிலுள்ள ஒரு சர்வரும் முதற்கண் தமக்குள் ஒரு மறைத்திறவுகோலை அமைத்துக்கொள்ளும். அதன்பின் நாம் விடுக்கும் ஒவ்வொரு கடிதமும் அதன் விலாசத்தோடு வேறோர் உறைக்குள் இடப்பெற்று, அச்சர்வருக்கே செல்லும். சர்வர் வெளியுறையை நீக்கி, உள்ளுறையை உரியவிடத்திற் சேர்ப்பிக்கும். கல்லூரி வலையைக் காப்பார் அறிவன, அச்சர்வரின் விலாசம், நேரம், செய்தியின் அளவு என்னும் மூன்றே எனலாம். மறுமுனையிலுள்ள தளமும் நம்மைச் சர்வரிருக்கும் இடத்தினர் என்றே கருதும்.

இனி, கைப்பேசிக்கே உரிய சில செய்திகள். கைப்பேசி ஓரிடத்தில் நில்லாது. வகுப்பறையில் வைஃபையிலும், வாயிலைக் கடந்தால் கைப்பேசி நிறுவனத்தின் வலையிலும் அது இணையும். 2020-இல் லினக்ஸ் உட்கருவிற் சேர்க்கப்பெற்ற வயர்கார்ட் போன்ற புதிய முறைகள் இம்மாற்றத்தைத் தாங்கி இடையறாது நடைபெறும். 1996-இல் தோன்றிய பி.பி.டி.பி. என்னும் பழைய முறையின் காப்பு உடைக்கத்தக்கது என்பது 2012-இல் காட்டப்பட்டமையின், அதனை விலக்குக. கல்லூரி வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கத்தை முதலிற் காட்டுவதாயின், அதனை முடித்த பின்னரே வி. பி. என்.-ஐ இயக்குதல் வேண்டும். முன்னரே இயக்கின் அப்பக்கம் தோன்றாமற் போகலாம். ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில், வி. பி. என். அறுந்தால் இணைப்பையே நிறுத்திவிடும் ஓர் அமைப்பு உண்டு. அதனை இடாதார், மறைவழி அறுந்ததை அறியாமலே வெட்டவெளியில் நடப்பர்.

நிற்க. இதுகாறுங் கூறியவற்றால் வி. பி. என். நம்மை யாவர்க்கும் மறைக்கும் எனக் கொள்ளற்க. அது நம்பிக்கையை ஒழிப்பதன்று, இடம் மாற்றுவது. முன்பு கல்லூரி வலையைக் காப்பார் அறிந்ததனை, இனிச் சர்வரைக் காப்பார் அறிவர். ஓனாவோ என்னும் இலவச வி. பி. என். செயலியை நடத்திய நிறுவனத்தை 2013-இல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. காப்பளிப்பதாகக் கூறிய அச்செயலி, தன்னை வழங்கினார் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் வழங்கினர் என்பதனைத் தொகுத்து, உடையவர்க்கு உதவிற்று. அது 2019-இல் மூடப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அது குறித்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. ஆராய்ச்சியாளர் சிலர் 2016-இல் ஆண்ட்ராய்டுக்குரிய 283 வி. பி. என். செயலிகளைச் சோதித்தபோது, 100-க்கு 18 செயலிகள் செய்தியை மறைமொழியாக்காமலே அனுப்பியது கண்டனர். விலையின்றிக் கிடைக்கும் பண்டத்திற்கு விலை வேறு வழியிற் கொடுக்கப்படுகின்றதோ என்று ஆராய்தல் அறிவுடையார் கடன்.

அன்றியும், இந்திய அரசாங்கத்தின் செர்ட்-இன் அமைப்பு 2022-இல், வி. பி. என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், விலாசம் முதலியவற்றை 5 ஆண்டுக்குக் குறையாமற் காத்து வைத்தல் வேண்டும் என ஆணையிட்டது. அதனை ஏலாத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன.

கல்லூரியே நடத்தும் வி. பி. என். வேறு வகையினது. ஆராய்ச்சி இதழ்களை வெளியிடுவார் பலர், கல்லூரியின் வலை முகவரியைக் கண்டே வாயிலைத் திறப்பர். விடுமுறையில் ஊர் சென்ற மாணாக்கன் கல்லூரி வி. பி. என். வழியே நுழைந்தால், நூலகத்தில் அமர்ந்தவன் போல அவ்விதழ்களைப் படிக்கலாம். தனியார் வி. பி. என்.-ஐ வளாகத்தில் வழங்க விரும்புவார் முதலிற் கல்லூரி விதிகளைப் படித்தறிக.

பொய்த் தளத்திற் கடவுச்சொல்லைத் தாமே எழுதிக் கொடுப்பாரை எம்மறைவழியுங் காவாது. ஆதலின் மாணாக்கர்காள்! செய்தியை மறைக்குமுன், அதனை எவர் கையில் ஒப்புவிக்கின்றீர் என்பதனை ஆராய்ந்து தெளிமின். ஆராயாது இடும் பூட்டின் திறவுகோல் அயலான் கையில் இருத்தலுங் கூடும்.