ஆயில் மூடியைத் திறந்தால் தெரிந்த காலம்

கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த நாட்களில், கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையேறும் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த வாடை மறந்திருக்காது. சைலன்சர் புகை ஒரு பக்கம் என்றால், எஞ்சினுக்கு அடியில் தரையைப் பார்த்துத் தொங்கும் ப்ரீதர் பைப்பின் நீலப் புகை இன்னொரு பக்கம். வண்டி நின்று கிளம்பிய இடத்தில் ஆயில் சொட்டுக் கறுத்துக் கிடக்கும்.

எரிந்த வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் கொஞ்சம் இடுக்கு வழியே எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். போக வழி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளும், டிப் ஸ்டிக்கைத் தூக்கும், டேப்பட் கவர் பேக்கிங் வழியே ஆயிலைப் பிதுக்கும். பாரத்தோடு ஃபர்ஸ்ட் கியரில் வெள்ளிமலைக்கு ஏறும் வண்டியில் இது இன்னும் கூடும். அதனால்தான் ஒரு பைப்பை வைத்து வெளியே விட்டார்கள்.

அந்தத் திறந்த பைப்பில் ஒரு வசதி இருந்தது. எஞ்சினின் உடல்நிலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சேலம் ரோட்டுப் பட்டறையில் வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாகத் துவாரத்தின் மேலேயே வைப்பார் மெக்கானிக். மூடி அசையாமல் இருந்தால் கவலையில்லை. தடதடவென்று ஆடி விழுந்தால், “ரிங் போயிடுச்சுண்ணே, இறக்கிப் பார்த்துடலாம்” என்பார். கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தப் புகையில் எரியாத எரிபொருளும் ஆயில் ஆவியும் கலந்திருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் புகைமூட்டம் வாட்டியபோது, கார்கள் கக்கும் ஹைட்ரோகார்பனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த வழியாகத்தான் வருகிறது என்று கண்டார்கள். 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் ‘பிசிவி’ வால்வு வந்தது. கிராங்க் கேஸ் வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம் ஊரில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. இன்று மலையேறும் புது வண்டிகளில் தரையைப் பார்த்த பைப்பைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. அந்த வாயு ஆயிலைப் பிரிக்கும் சிறு டப்பா வழியாக, ஹோஸ் பிடித்து டர்போவின் வாய்க்குப் போய்விடுகிறது.

டர்போ வந்ததும் இந்த விஷயத்தின் கனமே மாறியது. சிலிண்டருக்குள் காற்றைத் திணித்தால் அழுத்தம் ஏறும், ரிங்கைத் தாண்டும் வாயுவும் ஏறும். டர்போவின் தண்டை நனைத்த ஆயில் தன் எடையால்தான் கீழே ஆயில் தங்கும் சம்ப்புக்கு வடிகிறது. ப்ரீதர் அடைத்துக் கிராங்க் கேஸில் அழுத்தம் நின்றால் அந்த ஆயிலுக்கு இறங்க வழியில்லை. டர்போ சீலைத் தாண்டி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் புகும். முற்றினால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

பந்தயக் கார்க்காரர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள். உலகப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, திறந்த ப்ரீதர் உள்ள கார் வழியும் ஆயிலைப் பிடிக்க ஒரு தொட்டி வைத்திருக்க வேண்டும்: 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். தடத்தில் சிந்தும் ஆயில் பின்னால் வருபவரின் உயிருக்கு உலை வைக்கும். இன்னும் மேலே போனால் ட்ரை சம்ப்: பம்புகள் ஆயிலோடு வாயுவையும் சேர்த்து உறிஞ்சி, கிராங்க் கேஸில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தை வைத்திருக்கும். ரிங் நன்றாகப் படியும், சக்தியும் கூடும்.

மலைக்குத் திரும்புவோம். மூடிய ப்ரீதர் அடைத்துக்கொண்டால் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிடும் பழக்கம் உண்டு. எஞ்சின் தப்பிக்கும் என்பது சரிதான். ஆனால் ஏற்றத்தில் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் பழைய நீலப் புகை திரும்ப அடிக்கும். இதை என்னால் ஏற்க முடியாது.

அடைப்பைத் தவிர்ப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. மார்கழிக் குளிரில், எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தப்படும் குட்டிப் பயணங்களில், ஆயிலில் ஈரம் சேர்ந்து மூடியின் உள்பக்கம் பால்கோவா போலப் படியும். அதே படிவுதான் ஹோஸையும் வால்வையும் அடைக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டுங்கள். ப்ரீதரில் ஃபில்டர் இருந்தால் அதை மாற்றும் கிலோமீட்டரைக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். பில்லில் இது சின்னத் தொகை. டர்போவை மாற்றச் சொல்லும் பில் அப்படி இருக்காது.