தாயம் விழுமா? எக்ஸெல் சொல்லும்!

தாய ஆட்டத்தில் காயை இறக்க முதலில் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். இதற்கு வாய்ப்பு எவ்வளவு?

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். எனவே 4×4=16 விதங்களில் விழலாம். இவற்றில் 0-1, 1-0 ஆகிய இரண்டு மட்டுமே தாயம். அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு.

அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயமா? எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, ஏதேனும் ஒரு செல்லில் =(7/8)^8 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ^ அடையாளத்திற்கு ஷிப்ட் கீயுடன் மேல் வரிசையில் உள்ள 6 கீயை அழுத்தவும். ஒரு முறை தாயம் விழாமல் போகும் வாய்ப்பு 7/8. அதை எட்டு முறை பெருக்குகிறோம். விடை 0.3436 எனத் தொடங்கும். நூறு பேர் எட்டு முறை உருட்டினால், சுமார் 34 பேர் தாயம் விழாமல் காத்திருப்பார்கள்!

எட்டு முறை விழவில்லை என்பதால் ஒன்பதாவது முறை வாய்ப்பு கூடிவிடாது. அப்போதும் எட்டில் ஒன்றுதான்.

1974ல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் 20 முகப் பகடை உண்டு. அதை 20 முறை உருட்டியும் 20 விழாத வாய்ப்பை அறிய, =(19/20)^20 கொடுத்துப் பாருங்கள்.