தோட்டக் குளத்திற்கான அல்லித் தேர்வு (ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம்)

அல்லி என்பது நிம்பேயா பேரினத்தைச் சேர்ந்த நீர்த்தாவரங்களின் பொதுப்பெயர். ஆம்பல், குவளை ஆகிய பெயர்களும் இப்பேரினச் செடிகளுக்கு வழங்குகின்றன. தாமரை இதற்கு உறவன்று. அது நெலும்போ என்னும் வேறு பேரினம். அல்லி இலையில் ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு உண்டு, தாமரை இலையில் இல்லை. நாற்றங்காலில் பூவில்லாத செடியை வாங்குவோருக்கு இந்த ஓர் அடையாளமே போதும்.

தட்பவெப்பம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி நகரம் அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வானது, வெப்பமும் கூடுதல். ஆகவே ஒரே மாவட்டத்திற்குள்ளேயே தேர்வு மாறுபடும்.

தோட்டக்கலையில் அல்லிகளைக் குளிர்தாங்கும் வகை, வெப்பமண்டல வகை எனப் பிரிப்பர். முதல் வகையின் பூக்கள் பெரும்பாலும் நீர்மேல் படிந்திருக்கும், இலையோரம் மழமழப்பானது. இவற்றின் கலப்பினங்களைப் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருக்கியவர் பிரான்சின் லாத்தூர்-மர்லியாக். ஓவியர் குளோட் மொனே தம் குளத்திற்கு அல்லி வாங்கியதும் இவரிடமே. வெப்பமண்டல வகையின் பூக்கள் நீருக்கு மேல் எழுந்து நிற்கும். நீல நிறம் பெரும்பாலும் இவ்வகைக்கே உரியது. ஓசூரில் மார்கழி, தை மாதங்களில் இவற்றின் பூப்பு குறையும், செடி அழியாது. கிருஷ்ணகிரியில் இந்தத் தயக்கமும் தேவையில்லை.

பூக்கும் நேரமும் முக்கியம். நீல அல்லி காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பிவிடும். வெள்ளாம்பலும் செவ்வல்லியும் மாலைக்குப் பின் விரிந்து மறுநாள் முற்பகல் வரை நிற்கும். தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடித்து இருட்டிய பின் வீடு திரும்புவோர் நீல அல்லி வாங்கினால் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மொட்டைத்தான் பார்க்க நேரும்.

நீரும் தொட்டியும்

பெங்களூருவின் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணைப் பகுதியில் நுரை பொங்கி ஓடுவது பலமுறை செய்தியானது. அந்நீரைத் தோட்டக் குளத்தில் நிரப்பக்கூடாது. மிகுந்த சத்தால் பாசி படரும், சோப்புப் பொருட்கள் மீன்களைக் கொல்லும். மழைநீரே சிறந்தது, கிணற்று நீரும் ஏற்றது. பழைய பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டித் தொட்டியாக்குவோர் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுவது நல்லது; சிமெண்டுத் தொட்டியோ பாதுகாப்பானது, புதியதானால் சில முறை நீர் மாற்றிச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்கவேண்டும்.

நடவுக்குக் களிமண் வேண்டும். தென்னை நார்க்கழிவு மிதந்துவிடும். குருத்து மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும், அதன்மேல் சிறு வகைகளுக்கு 15 முதல் 30 செ.மீ. நீர் போதும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர வெயில் இல்லாத இடத்தில் எந்த அல்லியும் ஒழுங்காகப் பூக்காது. நீரூற்று தெறிக்கும் இடமும் ஆகாது. கொசுப்புழுக்களைத் தின்னச் சில கப்பி மீன்களை விடலாம்.

உபரிச் செடிகள்

பெருகிய கிழங்குகளை அருகிலுள்ள ஏரியில் எறிவதே இப்பொழுதுபோக்கின் பெரிய ஆபத்து. இலங்கையின் தேசிய மலர் நீலோற்பலம். ஆனால் அங்கு ஊதா நிற அயல் கலப்பினம் ஒன்று குளங்களில் பரவி, நெடுங்காலம் தேசிய மலர் என்றே தவறாகப் படங்களிலும் இடம்பெற்றது. இயல்பான நீலோற்பலத்தின் இடங்களையும் அது பிடித்துக்கொண்டது. ஓசூர் ஏரிகளை ஏற்கெனவே ஆகாயத்தாமரை மூடி வருகிறது. மிகுந்த கிழங்குகளை வெயிலில் முழுதும் காயவைத்து உரக்குழியில் இடலாம்.