கொதிநீரிலும் சுருங்காத தோல்

ஆம்பூரில் தைத்த காலணி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். மேற்பாகம் ஆட்டுத் தோல் அல்லது மாட்டுத் தோல். அடிப்பாகம் பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக். ஒன்று பிராணி தந்தது. மற்றது ஆலையில் பிறந்தது. ஆனாலும் வேதியியலார் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள். இரண்டும் பாலிமர்கள், அதாவது பல்லுறுப்பிகள்.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியானால் அது பாலிமர். எத்திலீன் வாயு மூலக்கூறுகள் கோத்துக்கொண்டால் பாலித்தீன்; அமினோ அமிலங்கள் கோத்துக்கொண்டால் புரதம். தோலிலுள்ள முக்கியப் புரதம் கொல்லாஜன். அதன் ஒரு சங்கிலியில் சுமார் 1000 அமினோ அமிலங்கள் உண்டு. மூன்றுக்கு ஒன்று கிளைசீன். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு கயிறுபோல் நிற்கின்றன. இந்த முப்புரி அமைப்பை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்!

அப்படியானால் பச்சைத் தோலையே தைத்து அணியலாமே என்பீர்கள். ஈரமாக இருந்தால் அது அழுகும். காய்ந்தால் கொம்புபோல் விறைக்கும். ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் முறுக்கு அவிழ்ந்து சுருங்கும். தொடர்ந்து கொதிக்கவைத்தால் கரைந்து, தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரமாகிவிடும்.

இதைத் தடுப்பது எப்படி? இரண்டு மூங்கில் கழிகளை நிறுத்தினால் ஆடும். குறுக்கே படிகள் அறைந்து ஏணியாக்கினால் உறுதியாக நிற்கும் அல்லவா? தோல் பதனிடுதலும் அதுவே. அக்காலத்தில் ஆவாரம்பட்டையின் டானின் படிகளாக உதவியது. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பு. சுழலும் டிரம்முக்குள் குரோமியம் அடுத்தடுத்த சங்கிலிகளின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துப் பிணைக்கிறது. தோல் வெளிர் நீலமாகிறது. பதம் வந்ததா என்று எப்படி அறிவது? ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுவார்கள். சுருங்காவிட்டால் சரி! ரப்பரில் கந்தகம் செய்வதும் இத்தகைய குறுக்குப் பிணைப்புதான். பி.வி.சி.க்கு அப்படிப் பிணைப்பில்லை; அதனால் சூட்டில் இளகுகிறது, மறுபடி வார்க்கவும் முடிகிறது.

ஆனால் டிரம்மில் இட்ட குரோமியம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. சாதாரண முறையில் மூன்றில் ஒரு பங்கு போலக் கழிவு நீரில் தங்கிவிடுகிறது. தோலைக் கெடாமல் காக்கத் தூவிய சோற்றுப்பும் அதனுடன் சேர்கிறது. இவை பாலாற்றுப் படுகையின் கிணறுகளைப் பாழாக்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சுத்திகரிப்பு வசதி செய்யாத தோல் ஷாப்புகள் இயங்கக்கூடாது என்று 1996 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று.

குரோமியத்தை மீட்பது அவ்வளவு கடினமில்லை. காரம் சேர்த்தால் வீழ்படிவாக இறங்கும்; அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்மில் ஊற்றலாம். உப்புதான் பிடிவாதக்காரன்! எதைச் சேர்த்தாலும் எளிதில் வீழ்படிவாகாது. எனவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் வழியே செலுத்துகிறார்கள். இவ்வகைச் சவ்வு பெரும்பாலும் பாலிஅமைடு. அதுவும் ஒரு பாலிமர்தான். நீர் கடந்துவிடும், உப்பு நின்றுவிடும். அந்த உப்பை ஆவியாக்கிக் காயவைத்து மூட்டை கட்டியபின் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்குத்தான் இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை.