‘ஹை’ என்றால் சம்மதமா? ஜப்பானிய மொழியில் நம்மை ஏமாற்றும் சில சொற்கள்



மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் நாலு பேர் ஒரு ஜப்பான் நிறுவனத்தின் பொறியாளரிடம் ஆன்லைனில் எங்கள் ப்ராஜெக்ட் ஐடியாவை விளக்கினோம். நாங்கள் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையை ஆட்டி, “ஹை, ஹை” என்றார். கடைசியில் “கென்தோ ஷிமஸு” என்று முடித்தார். அகராதியைப் பார்த்தோம். ‘பரிசீலிக்கிறோம்’ என்று இருந்தது. அன்று மாலையே கேன்டீனில் ட்ரீட் வைத்தாச்சு. பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை.

எங்கே தப்பு? அகராதியில் தப்பில்லை. அகராதி சொல்லாத பாதி எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நம் கல்லூரியில் நிறைய பேர் ஜேஎல்பிடி தேர்வுக்குப் படிக்கிறீர்கள். ஆரம்ப நிலையான என்5 முதல் உச்ச நிலையான என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவே. அதனால் சான்றிதழ் கையில் இருந்தும் இன்டர்வியூவில் தடுமாற வாய்ப்பு இருக்கு. அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1. ஹை

‘ஆமாம்’ என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் பேச்சின் நடுவே வரும் ‘ஹை’க்கு ‘நீங்க சொல்றதைக் கேட்டுட்டு இருக்கேன்’ என்றுதான் அர்த்தம். பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டுவோமே, அதேதான். இப்படி ம் கொட்டுவதற்கு ஜப்பானியத்தில் ‘ஐஸுசி’ என்று பெயர். கொல்லன் பட்டறையில் இருவர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல் அது. நாமும் ‘கொட்டு’கிறோம், அவர்களும் ‘அடி’க்கிறார்கள்! நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் ‘ஹை’ சொன்னால் சம்மதம் என்று எண்ணாதீர்கள். அவர் பேசும்போது நீங்கள் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கவும் கூடாது.

2. கென்தோ ஷிமஸு

பெண் பார்த்துவிட்டு “ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்” என்பார்களே, பல நேரங்களில் அந்த வகைதான் இது. உண்மையிலேயே பரிசீலிப்பவர்களும் உண்டு. ஆனால் தேதியோ அடுத்த கூட்டமோ பற்றிப் பேச்சே இல்லாவிட்டால், ட்ரீட்டைத் தள்ளிப் போடுவது நல்லது.

3. ச்சொத்தோ

நேர்ப்பொருள் ‘கொஞ்சம்’. “ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களா?” என்று கேட்கிறீர்கள். “ஞாயிற்றுக்கிழமை... ச்சொத்தோ...” என்று இழுத்து நிறுத்தினால், பதில் முடிந்துவிட்டது. ‘முடியாது’ என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். “கொஞ்சம்னா எவ்வளவு?” என்று நோண்டவும் வேண்டாம்.

4. தைஜோபு

‘பரவாயில்லை, ஒண்ணும் ஆகல’ என்பது பொருள். விழுந்தவரிடம் “தைஜோபு தெஸு கா?” என்று கேட்கலாம். கடையில் “பை வேணுமா?” என்று கேட்கும்போது “தைஜோபு தெஸு” என்றால் ‘வேண்டாம்’. நாமும் “இன்னும் கொஞ்சம் சாதம்?” என்றால் “பரவாயில்லை” என்று இலையை மறைப்போம் இல்லையா? அப்படி யோசித்தால் குழப்பமே வராது.

5. சுமிமசென்

‘மன்னிக்கவும்’ என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடவும் இதுதான், ஒருவர் நமக்காகக் கதவைப் பிடித்து நின்றால் நன்றி சொல்லவும் இதுதான். இதன் வேர்ச்சொல் ‘சுமு’, அதாவது ‘முடிதல், தீர்தல்’. அதன் எதிர்மறைதான் சுமிமசென். ‘உங்களுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை’ என்று எடுத்துக்கொண்டால் மன்னிப்பும் நன்றியும் ஒரே சொல்லில் இருப்பது புரியும்.

6. அனதா

‘நீங்கள்’ என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் இன்டர்வியூ எடுப்பவரைப் பார்த்து ‘அனதா’ என்றால் முகம் சுருங்கும். பெயர் தெரிந்தால் ‘தனகா-சன்’ என்று பெயரோடு ‘சன்’ சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர் என்றால் ‘சென்செய்’. இன்னொரு வேடிக்கை, மனைவி கணவனை ‘அனதா’ என்று அழைப்பதும் உண்டு. நம்ம ஊர் ‘என்னங்க’ மாதிரி! ஒரு எச்சரிக்கை: உங்கள் பெயரோடு நீங்களே ‘சன்’ சேர்க்காதீர்கள். “நான் குமார் அவர்கள் பேசுகிறேன்” என்பது போல் இருக்கும்.

7. ஒத்ஸுகரெசம

‘ஸுகரெ’ என்றால் களைப்பு. வேலை முடிந்து கிளம்பும்போது ‘ரொம்ப உழைச்சிட்டீங்க’ என்று ஒருவருக்கொருவர் சொல்வது. இதற்கு ‘கொகுரோசம’ என்று ஒரு ஒன்றுவிட்ட தம்பி உண்டு. அது மேலதிகாரி கீழே இருப்பவருக்குச் சொல்வது. மேனேஜரிடம் போய் நீங்கள் அதைச் சொன்னால், அவர் முதுகில் தட்டி “நல்லா வேலை பார்த்தே” என்று சொன்ன மாதிரி.

தமிழ் கை கொடுக்கும் இடம், கை விடும் இடம்

நமக்கு இந்த மொழியில் ஒரு பெரிய வசதி, வினைச்சொல் கடைசியில் வருவது. இரண்டாவது, குறில் நெடில். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. நமக்கு இந்த வித்தியாசம் காதில் உடனே விழும். அதேபோல ‘கிதெ’ என்றால் ‘வந்து’, ‘கித்தெ’ என்றால் தபால்தலை. ‘படு’வும் ‘பட்டு’ம் பிரித்துப் பேசுகிற நமக்கு இது பெரிய விஷயமா?

ஆனால் ஒரு இடத்தில் தமிழ் எழுத்து கவிழ்த்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு ஜப்பானியத்தில் ‘தைககு’. படிப்பை விட்டு விலகுவதற்கும் ‘தைககு’! முதலாவதில் ‘தயிர்’ சொல்லில் வரும் அழுத்தமான ஒலி இல்லை. ‘தைரியம்’ என்னும்போது வரும் மெத்தென்ற ஒலி. இரண்டாவதில் அழுத்தமான ‘த’. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நோட்டில் தமிழில் எழுதிப் படித்துவிட்டுப் போய், “எங்கே படிக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு ஒலி மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஹிரகனாவில் இந்த இரண்டையும் பிரிப்பது எழுத்தின் தலையில் இரண்டே இரண்டு சிறு கோடுகள்.

இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் உச்சரிப்புகளும் தோராயம்தான். எனவே இன்றைக்கே 46 ஹிரகனா எழுத்துகளை எழுத ஆரம்பியுங்கள், தினம் ஐந்து போதும். பத்து நாளில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் அர்த்தத்தோடு நிறுத்தாமல், யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்றும் பக்கத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். அந்த ஒரு வரி எங்கள் நோட்டில் இருந்திருந்தால், ட்ரீட் காசாவது மிச்சமாகியிருக்கும்.

படித்து முடித்த உங்களுக்கு, ஒத்ஸுகரெசம தெஸு!