இரண்டு சர்வர், இரண்டு மதிப்பெண்: பிரதியாக்கம் நின்றால் எங்கே பார்ப்பது?

நேற்றிரவு ஒரு மாணவிக்கு 68 மதிப்பெண் பதிவு செய்தீர்கள். இன்று காலை அவள் வந்து, "டீச்சர், எனக்கு இன்னும் மார்க் வரலையே" என்கிறாள். உங்கள் திரையில் 68 இருக்கிறது, அவள் திரையில் இல்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கற்றல் தளம் இரண்டு சர்வர்களில் ஓடுகிறது என்றால், நீங்கள் எழுதியது முதன்மைச் சர்வரில், அவள் படித்தது நகல் சர்வரில். நடுவில் நடக்க வேண்டிய பிரதியாக்கம், அதாவது ரெப்ளிகேஷன், எங்கோ நின்றுவிட்டது.

படிவம் 4, 5 கணினி அறிவியலில் தரவுத்தளம் படிக்கும் மாணவர்களே, மைஎஸ்க்யூஎல்லில் இது எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள். முதன்மைச் சர்வர் தன்னிடம் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லாக் என்ற குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைக்கும். நகல் சர்வரில் இரண்டு வேலையாட்கள். ஐஓ த்ரெட் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, ரிலே லாக் என்ற தன் ஏட்டில் எழுதிக்கொள்ளும். எஸ்க்யூஎல் த்ரெட் அந்த ஏட்டைப் பார்த்து அட்டவணைகளில் மாற்றத்தைச் செய்யும். இதில் யார் வேலையை நிறுத்தினார் என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதைக் கேட்கும் கட்டளை 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்'. 8.0.22-க்கு முந்தைய பதிப்புகளில் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். வரும் நீண்ட பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். ஐஓ ஓடுகிறதா, எஸ்க்யூஎல் ஓடுகிறதா, எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது, கடைசிப் பிழை என்ன, இந்த நான்கு போதும். ஒன்று கவனியுங்கள்: பின்தங்கிய வினாடி 'நல்' என்று காட்டினால் அது பூஜ்ஜியம் அல்ல. வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

ஐஓ நின்றிருந்தால் பெரும்பாலும் இணைப்புச் சிக்கல்தான்: கடவுச்சொல் மாறியிருக்கும், அல்லது ஃபயர்வால் 3306 போர்ட்டை மூடியிருக்கும். சர்வரை அப்படியே குளோன் செய்து நகல் உருவாக்கியிருந்தால், ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பில் உள்ள அடையாள எண்ணும் சேர்ந்து வந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்றால் மைஎஸ்க்யூஎல் ஏற்காது. பிழை 1236 வந்தால், பல நேரங்களில் நகல் கேட்கும் குறிப்பேட்டு ஏடு முதன்மையில் அழிந்துபோயிருக்கும். 8.0-இல் வழக்கமான ஆயுள் 30 நாள். அப்போது நகலைப் புதிதாகக் கட்டுவதே வழி.

எஸ்க்யூஎல் நின்றிருந்தால்தான் நிதானம் தேவை. அடிக்கடி வருவது 1062, அதாவது அதே முதன்மைச் சாவியில் ஏற்கனவே ஒரு வரிசை இருக்கிறது. யாரோ அவசரத்துக்கு நகல் சர்வரிலேயே நேரடியாக எழுதியிருப்பார்கள். 512 என்ற எண்ணில் நகலில் ஒரு மாணவரின் மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. பிறகு முதன்மையிலும் 512 உருவாகிறது, ஆனால் வேறொரு மாணவருக்கு. இரண்டும் மோத, பிரதியாக்கம் நிற்கிறது.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், 'அந்த ஒன்றைத் தாண்டிவிடு'. தாண்டினால் உடனே ஓடும், எல்லாம் பச்சையாகிவிடும், பின்தங்கல் பூஜ்ஜியம். ஆனால் 512-இல் இரண்டு சர்வரிலும் வேறு வேறு மாணவர்! இனி எந்தப் பிழைச் செய்தியும் உங்களை எச்சரிக்காது. எனக்கு இந்த வைத்தியம் பிடிக்கவே பிடிக்காது.

சரியான வழி கொஞ்சம் நேரம் எடுக்கும். இரண்டு சர்வரிலும் 512-ஐ எடுத்து ஒப்பிடுங்கள். நகலில் இருப்பது உண்மையான மதிப்பெண் என்றால் எழுதி வைத்துக்கொண்டு, பைனரி லாகை அந்த அமர்வுக்கு அணைத்துவிட்டு நகலிலிருந்து நீக்குங்கள். பிரதியாக்கத்தைத் தொடங்கி, அந்த மதிப்பெண்ணை முதன்மையில் முறையாகப் பதியுங்கள். வேறு வரிசைகளும் மாறியிருக்கலாம். பெர்கோனா டூல்கிட்டின் பிடி-டேபிள்-செக்சம் அதைக் காட்டிக்கொடுக்கும். "ரீட் ஒன்லி போட்டுத்தானே வச்சிருக்கோம்" என்பார்கள். அட்மின் அதிகாரம் உள்ளவரை அது தடுக்காது. சூப்பர் ரீட் ஒன்லி போட வேண்டும்.

இரண்டும் ஓடியும் பின்தங்கல் ஏறிக்கொண்டே போனால், முதன்மைச் சாவி இல்லாத பெரிய அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வரிசையைத் தேடவும் நகல் முழு அட்டவணையையும் புரட்டிக்கொண்டிருக்கும்.

தேர்வெழுதுகிறவர்கள் பிரதியாக்கத்தையும் காப்புநகலையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். முதன்மையில் தவறாக அழித்தது நகலிலும் சில நொடிகளில் அழிந்துவிடும்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. அவர்களுடையது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். பின்தங்கி நின்றுபோன நகலைத் திரும்பக் கட்ட, அதன் தரவுக் கோப்புறையைக் காலி செய்ய நினைத்தார் ஒரு பொறியாளர். கட்டளையைக் கொடுத்ததோ முதன்மைச் சர்வரில். நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார், ஆனாலும் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். தினசரிக் காப்புநகலோ, பதிப்பு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

எதையும் அழிக்கும் முன் 'ஹோஸ்ட்நேம்' என்று தட்டி, எந்த சர்வரில் நிற்கிறீர்கள் என்று வாய்விட்டுப் படியுங்கள். முதன்மைச் சர்வரின் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.