டிராக்டர் டிரெய்லர் வாங்கப் போறீங்களா? முதல்ல பிரேக்கைப் பத்திக் கேளுங்க

இந்த எபிசோட்ல கோடிங் கிடையாது.

ராசிபுரம் பக்கம் எங்க சித்தப்பாவுக்கு மரவள்ளித் தோட்டம் இருக்கு. கிழங்கைச் சேகோ பேக்டரிக்குக் கொண்டுபோக இதுவரைக்கும் வாடகை டிரெய்லர்தான். இந்த வருஷம் சொந்தமா வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. "கண்ணு, நீ இன்ஜினியர்தானே, பட்டறையில வந்து பேசு"ன்னு கூப்பிட்டாரு. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொன்னா கேட்கிற ஆள் இல்ல அவர்.

பட்டறைக்காரர் சொன்ன முதல் விஷயம்: "அஞ்சு டன் ஏத்துங்க, உங்க 45 ஹெச்பி வண்டி அசால்ட்டா இழுக்கும்." இழுக்கும்தான். ஆனா நிக்குமா?

அங்கேயே போன்ல ஒரு தோராயக் கணக்கு போட்டேன். டிராக்டர் எடை சுமார் 2 டன். நம்ம ஊர் டிராக்டர்ல பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அந்தச் சக்கரங்கள் மேல இருக்கிறது சுமார் 1.2 டன். காய்ஞ்ச தார் ரோட்டுல டயர் பிடிமானம் 0.6னு வெச்சுக்கிட்டா, 25 கிமீ வேகத்துல போற டிராக்டர் தனியா 7 மீட்டர்ல நின்னுடும். பின்னாடி பிரேக் இல்லாத நாலு சக்கர டிரெய்லர் மாட்டுங்க. காலியா 1.5 டன், லோடு 5 டன். இப்ப மொத்தம் 8.5 டன்னை அதே ரெண்டு டயர்தான் பிடிச்சு நிறுத்தணும். 30 மீட்டர் கிட்ட ஆகுது. இதுவே 100 மீட்டருக்கு 9 மீட்டர் இறங்குற சரிவா இருந்தா, கணக்குப்படி அது நிக்கவே நிக்காது. லோ கியர்ல இறக்கினா போதாதான்னு கேப்பீங்க. இன்ஜின் பிடிக்கிறதும் அதே பின்சக்கரம் வழியாத்தானே?

இதைக் காட்டினதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னாரு. போன வருஷம் ஏரிக்கரை இறக்கத்துல வாடகை டிரெய்லர் அவரைத் தள்ளிக்கிட்டே போயிருக்கு. பாலத்துக்கு முன்னாடி வயல்ல இறக்கித்தான் நிறுத்தியிருக்காரு. சித்திக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்து, ரெண்டு சக்கரமா நாலு சக்கரமா? நாலு சக்கர டிரெய்லர்ல எடை முழுக்க அதோட சக்கரங்கள் மேலயே உக்காந்துடும். ஆனா ரிவர்ஸ் எடுக்கிறது நரகம், ஏன்னா கொக்கி ஒரு இடத்துல மடங்கும், முன் ஆக்சில் இன்னொரு இடத்துல திரும்பும். ரெண்டு சக்கர டிரெய்லர் லோடுல ஒரு பங்கை டிராக்டர் கொக்கி மேல இறக்கும். அது நல்லதுதான், பின்டயருக்குப் பிடிமானம் கூடும். அளவு மீறினா முன்சக்கரம் தூக்கும், ஸ்டீயரிங் கேட்காது. அதுலயே மெஷின் ஏத்தும்போது கனமான பக்கத்தை ஆக்சிலுக்குப் பின்னாடி வெச்சுட்டா கொக்கியை மேல தூக்கி, இருக்கிற பிடிமானத்தையும் குறைச்சுடும். அதனால ஏத்துறப்ப கனம் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும்.

டிரெய்லருக்கே பிரேக் வைக்க வழி இருக்கு. டிராக்டர்ல இருந்து ஹைட்ராலிக் அல்லது ஏர் லைன் எடுக்கலாம். ஓவர்ரன் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு. டிரெய்லர் முன்னாடி தள்ளுற விசையே அதோட பிரேக்கை அழுத்தும். எனக்கு அந்த ஐடியா ரொம்பப் பிடிச்சது. ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போதும் அழுத்தம் வரும், அதுக்குத் தடுப்பு வெச்சிருக்காங்களான்னு பாத்துக்கணும்.

இன்னொண்ணு, பட்டறையில சொல்ற டன்னை நம்பாதீங்க. காலி டிரெய்லரை எடைமேடையில ஏத்திப் பாருங்க. ஆர்சியில போட்டிருக்கிற மொத்த எடையில அதைக் கழிச்சா வர்றதுதான் உங்க லோடு. தகடு தடிமனா போட்டா பெட்டி உழைக்கும், ஆனா அந்த எடையையும் காலம் முழுக்க நீங்கதான் இழுக்கணும்.

கடைசியில பட்ஜெட் இடிச்சது. பிரேக்கா, டிப்பர் ஜாக்கியான்னு வந்து நின்னுச்சு. "பிரேக்குக்குத் தனிக் காசா?"ன்னு ரெண்டு நாள் சண்டை. ஏரிக்கரையைப் பத்திச் சித்திகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டித்தான் ஜெயிச்சேன். ரெண்டு சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், ஜாக்கி இல்லாத டிரெய்லர் வந்துச்சு. இப்ப பேக்டரியில ஆள் வெச்சுக் கிழங்கை இறக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு போன் போட்டுத் திட்டுறாரு.